ஏழடி வீடு

லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்றாவது மாடியில் இருந்த சுலோசனாவின் ஃப்ளாட்டில் உபயோகமில்லாத பொருள் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. மூடி தொலைந்த டப்பா, ஒற்றைச் சாக்ஸ், காது அறுந்த பை, போன வருஷத்துக் காலண்டர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பர்காரனிடம் போய்விடும். அவள் கணவர் மஹாதேவன் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் செருப்பை அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து விடுவார். இப்படிப்பட்டவளிடம் ஒரு நகரத்தின் வரைபடத்தைக் கொடுத்து, இதைச் சுத்தம் செய் என்று சொன்னால் என்ன நடக்கும்? கொடுத்தவர்களைத்தான் சொல்லவேண்டும்.

2003-ஆம் வருஷம் அது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில், பக்கத்துக் கட்டடம் எழும்புகிற தூசி ஓயாமல் வந்து படிகிற ஐந்தாவது மாடியில் அவளுடைய ஆபீஸ். முப்பது கம்ப்யூட்டர்கள். நில அலுவலகத்தின் பழைய வரைபடத் தாள்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு மனையையும் திரையில் கோடு கோடாக வரைந்து, சொந்தக்காரர் பெயரோடு இணைத்துத் தரும் வேலை. இதற்கு முன் கல்கத்தாவில் ஒருவர் தன் மனையின் எல்லை எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மாதக்கணக்கில் பெஞ்சில் உட்கார வேண்டும். கடைசியில் யாரோ ஒரு குமாஸ்தா எலி கடித்த தாளைக் கொண்டுவந்து விரித்து, கடித்த இடத்தில்தான் உங்கள் மனை இருந்தது என்பார். இனிமேல் எண்ணைத் தட்டினால் போதும், மனை பளிச்சென்று திரையில் நிற்கும். இந்த வேலையில் சுலோசனாவுக்கு உண்மையான பெருமை இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொல்லையெல்லாம் தாள்கள் சேரும் இடத்தில்தான். ஒரே சுவர் இந்தத் தாளிலும் இருக்கும், அடுத்த தாளிலும் இருக்கும். இரண்டையும் வரைந்தால் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. நடுவே மெலிதாக ஒரு பட்டை விழும். அதில் பூனை கூடக் குடியிருக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? அதையும் ஒரு மனை என்று எண்ணி, சொந்தக்காரர் யார் என்று கேட்டு மல்லுக்கு நிற்கும். ஆபீஸில் இந்தப் பட்டைகளுக்கு ‘ஃபாலி’ என்று பெயர். பூசணிக்காயை நீளவாக்கில் நறுக்கினால் வருகிற கீற்றுக்கு பெங்காலிகள் சொல்கிற வார்த்தை.

ஒரு மீட்டருக்குக் குறைவான ஃபாலிகளைக் கம்ப்யூட்டரே பக்கத்து மனையோடு சேர்த்துவிடலாம். அதற்கு மேல் அகலம் உள்ளவற்றை ஆள் உட்கார்ந்து பழைய தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே சுலோசனாதான். ஆனால் வட கல்கத்தாவின் அந்த வார்டில் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஃபாலிகள் நூற்று நாற்பத்துமூன்று இருந்தன. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை துறுதுறுத்தது. இத்தனை குப்பையா என்று நினைத்தாள். கம்ப்யூட்டரே சேர்த்துவிடும் அகல வரம்பில் ஒன்று என்று இருந்த எண்ணை அழித்துவிட்டு இரண்டரை என்று தட்டினாள். நூற்று நாற்பத்துமூன்றும் சுவடில்லாமல் மறைந்தன. பிழை பூஜ்யம் என்று திரை சொன்னது. நாலு நாற்பது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.

அது ஜூன் மாதம். செப்டம்பரில், துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை நிமாய் காயேன் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். கழுத்தில் தையற்காரர் டேப் மாலை மாதிரி தொங்கியது. கிளம்புகிற அவசரத்தில் கழற்ற மறந்திருந்தார். ரிசப்ஷனில் யாரும் சரியாகப் பதில் சொல்லாததால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, முதலில் கண்ணில் பட்ட பெண்மணியின் முன்னால் நின்றார். பெங்காலியில், அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

“தீதி, என் வீடு உங்ககிட்ட இருக்கான்னு பார்க்க வந்தேன்.”

சுலோசனா பிறந்ததே கல்கத்தாவில்தான். பெங்காலி அவளுக்குத் தமிழைவிட ஒரு பிடி கூடவே வரும். உட்காரச் சொன்னாள். அவர் ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். ஹரிநாத் குண்டு லேனில் 17 மற்றும் 18-ஆம் எண் மனைகளை வாங்கியிருக்கும் ப்ரொமோட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டடமாக எழுப்ப அனுமதி கேட்டிருக்கிறார். புதிய வரைபடத்தின்படி அவற்றுக்கு நடுவே வேறு மனை எதுவும் கிடையாது. 17/1B என்று தமக்கு மனை உண்டு என்று சொல்லும் நிமாய் காயேன், ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு விசாரணைக்கு வரலாம். வராவிட்டால் அவர் இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள நடைவழியை ஆக்கிரமித்திருப்பவராகக் கருதப்படுவார்.

“பத்திரம் இல்லையா?” என்று கேட்டாள்.

“இருக்கு. எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளத்துல நனைஞ்சுபோச்சு. எங்கப்பா பேர் தெரியுது, எல்லை எழுதின பக்கம் மட்டும் மை ஓடிப்போச்சு. பழைய தாளைக் காட்டுங்கன்னு நில ஆபீஸ்ல கேட்டேன். அதெல்லாம் ஸ்கேன் பண்ண அனுப்பினதும் கட்டிக் கிடங்குல போட்டாச்சு, இனிமே கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் கணக்குன்னு சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னு கேட்டேன். இங்க அனுப்பினாங்க.”

சுலோசனா 17/1B என்று தட்டினாள். அப்படி ஒன்றும் இல்லை என்றது. 17-ம் 18-ம் ஒட்டிக்கொண்டு, நடுவே ஒரே ஒரு கோட்டோடு, சுத்தமாக நின்றன. அவளுக்குப் பிடித்த மாதிரி சுத்தம்.

“நம்பர் மாறியிருக்குமோ? அகலம் எவ்வளவு இருக்கும் உங்க வீடு?”

நிமாய் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். ரவிக்கைக்கு அளவு எழுதுகிற சீட்டு. மேலே வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் ‘வீடு’ என்று எழுதியிருந்தார். முன்பக்கம் எண்பத்துநாலு. இடுப்பு எழுபத்தெட்டு. பின்பக்கம் எண்பத்தாறு. எல்லாம் அங்குலம். நீளம் மட்டும் அறுபத்திரண்டு அடி. அதற்குக் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பன்னிரண்டு தடவை புரட்டிப் போட்டு, மிச்சத்துக்கு இன்னொரு தடவை வைத்திருக்கிறார்.

“வீட்டுக்கு ஏது இடுப்பு?”

“இருக்கு தீதி. நடுவுல பதினெட்டாம் நம்பர்க்காரர் சுவர் கொஞ்சம் உள்ள வருது. அந்த இடத்துல எங்க வீடு ஒடுங்கி, அப்புறம் விரியும். அங்க துணி வெட்டற மேஜையையும் போட்டாச்சு, மிச்சம் ஓராள் வழிதான். எதிரும் புதிருமா ரெண்டு பேர் வந்தா ஒருத்தர் பின்னால போகணும். நானும் என் சம்சாரம் மாலோதியும் இருபத்தாறு வருஷமா அப்படித்தான் நடக்கிறோம். சண்டை போட்டாக்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போக முடியாது.”

எண்பத்துநாலு அங்குலம் என்றால் ஏழடி. ஏழடி என்றால் இரண்டு மீட்டர் சொச்சம்.  சுலோசனா ஸ்கேன் செய்த பழைய தாளை எடுத்துத் திரையில் விரித்தாள். பெரிதாக்கினாள். அங்கே இருந்தது. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் எவரோ ஒரு சர்வேயர் பொறுமையாக வரைந்த இரண்டு கோடுகள். நடுவில் ஒடுங்கி, பின்னால் விரிந்து, உள்ளே குட்டி எழுத்தில் 17/1B.

 அவள் ஜூன் மாதம் தூக்கிப் போட்ட நூற்று நாற்பத்துமூன்று குப்பைகளில் ஒன்றுக்குள் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண்பிள்ளை ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமைக்குப் பிறகு அது நடைவழி.

“கிடைச்சுதா?” என்றார் நிமாய்.

“கிடைச்சுது. புதன்கிழமை நானும் வரேன்.”

அவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். பூஜை நெருக்கடியில் அறுபது ரவிக்கை பாக்கி இருக்கிறது, இருந்தாலும் தீதிக்கு ஒன்று தைத்துத் தருவதாகச் சொன்னார். சுலோசனாவுக்கு வெட்கமாக இருந்தது. அழித்தவள் நான்தான் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் லிஃப்டைத் தேடிக்கொண்டு போன பிறகு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

மானேஜர் பிரிட்டோ தூத்துக்குடிக்காரர். நல்ல மனிதர். ஆனால் மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசுகிற ரகம். சுலோசனா சொல்வதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், வெள்ளிக்கிழமை டெமோ. பெரிய பெரிய ஆளுங்க வாராங்க. அந்த வார்டைத்தான் மாதிரி வார்டுன்னு காட்டப்போறோம். பிழை பூஜ்யம்னு பலகையில எழுதி வச்சிருக்கு.”

“தெரியும் சார்.”

“ஒரு வாரம் பொறுத்தா என்ன? டெமோ முடியட்டும், பூஜை லீவு முடியட்டும். சத்தமில்லாம நாம திருத்திக் குடுத்திரலாம்லா.”

“விசாரணை புதன்கிழமை சார். அன்னிக்கு உத்தரவு போட்டுட்டா அவர் வீடு நடைவழியாயிடும். அப்புறம் நாம எதைத் திருத்தறது?”

பிரிட்டோ கர்சீஃபை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏ.சி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. “நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதாதா? தொழில்நுட்பக் காரணங்களால் ஒரு மனை விடுபட்டதுன்னு?”

“தொழில்நுட்பக் காரணம்னா அது நான்தான் சார்,” என்றாள் சுலோசனா.

 யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு அடையாளமாக அவர் ஒரு ஃபைலைத் திறந்து தலைகீழாக வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் வீட்டில் மஹாதேவனிடம் சொன்னபோது அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நல்ல வேளை, வாயில் காப்பி இல்லை.

“என் செருப்பைத் தூக்கிப் போட்டே, சரி. ட்ரான்சிஸ்டரைத் தூக்கிப் போட்டே, அதுவும் சரி. ஒரு மனுஷன் குடியிருக்கற ஆத்தையே தூக்கிப் போட்டுட்டியேடி.”

“ஏன்னா, சிரிக்காதேள். எனக்குப் பயமா இருக்கு. சொன்னா வேலை போயிடுமோ என்னமோ.”

“எங்க ஆபீஸ்ல ஒருத்தன் தப்புப் பண்ணினா அதுக்கு ஒரு ஃபைல் போடுவா. ஃபைலுக்கு ஒரு நம்பர் குடுப்பா. நாலு பேர் கையெழுத்துப் போட்டப்புறம் அது யார் பண்ணின தப்புன்னே யாருக்கும் தெரியாது. ரொம்ப சௌகரியம்.” டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார். “ஆனா அந்தத் தையக்காரருக்கு அதனால ஆம் கிடைக்கப்போறதில்லையே. நீ போய்ச் சொல்லிடு. வேலை போனா போறது. நீ ஆத்துல இருந்தா எனக்குத்தான் கஷ்டம், ஒரு சாமான் மிஞ்சாது. அதை நான் பார்த்துக்கறேன்.”

இதற்குச் சிரிக்கக்கூடாது என்று சுலோசனா எவ்வளவோ முயற்சி செய்தாள். முடியவில்லை. சிரித்து முடித்தபோது பயமும் பாதி போயிருந்தது.

புதன்கிழமை காலை பிரிட்டோவின் அறைக்குப் போய் லேப்டாப் வேண்டும் என்று கேட்டாள். ஆபீஸுக்கே ஒரே லேப்டாப்தான். டெமோவுக்கென்று பூப்போல வைத்திருந்தது. பிரிட்டோ அவளைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“நான் டீ குடிக்கப் போறேன், மேடம். திரும்பி வரும்போது அது மேசைல இல்லன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது, பாத்துக்கிடுங்க.” வாசல்வரை போனவர் நின்றார். “சார்ஜரு டிராயருக்குள்ள கிடக்கு. அது சமயத்துல வேலை செய்யாது.”

விசாரணை அதிகாரி பொரிதோஷ் ஹால்தார் ஆகிருதியான மனிதர். நாற்காலியின் இரண்டு கைகளும் அவருக்குள் புதைந்திருந்தன. எதிரே ப்ரொமோட்டரின் வக்கீல், கறுப்புக் கோட்டில், புதிய வரைபடத்தின் வழவழப்பான பிரதியை விரித்து வைத்திருந்தார். அது சுலோசனாவின் ஆபீஸ் ப்ளாட்டரில் அச்சானது. ஓரத்தில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவள் கையெழுத்தே இருந்தது.

“ஐயா, மனிதர்கள் தப்புச் செய்வார்கள், அதனால்தான் அரசாங்கம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்திருக்கிறது,” என்று வக்கீல் தொடங்கினார். “இந்தப் படத்தில் இரண்டு மனைகள். நடுவே ஒரு கோடு. கோட்டுக்குள் ஒருவர் குடியிருக்க முடியுமா?”

நிமாய் சுலோசனாவைத் திரும்பிப் பார்த்தார். இவள் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்ற பார்வை. அதைத் தாங்க முடியாமல்தான் அவள் எழுந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

“அந்தக் கோட்டுக்குள்ள ஒரு மனை இருந்தது. பழைய தாள்ல இருக்கு, கொண்டுவந்திருக்கேன். அதை எடுத்தது கம்ப்யூட்டர் இல்ல. நான்.”

ஹால்தார் பேனாவை மேஜைமேல் வைத்தார். சுலோசனா ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு மீட்டர் விதி, நூற்று நாற்பத்துமூன்று ஃபாலிகள், அவற்றில் முக்கால்வாசி வெறும் பிழைதான் என்பது, ஒன்றை இரண்டரை ஆக்கியது, வெள்ளிக்கிழமை மாலை. நாலு நாற்பது பஸ்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது நிமாயின் பக்கம் பார்க்கவில்லை.

வக்கீல் கெட்டிக்காரர். பதறவே இல்லை. “இந்த அம்மாள் நேர்மையாகப் பேசுகிறார், மகிழ்ச்சி. ஆனால் இப்படிப்பட்ட பட்டைகளில் முக்கால்வாசி வெறும் வரைபடப் பிழைதான் என்று அவரே சொன்னார். பழைய தாளில் இருக்கும் இந்தப் பட்டையும் அன்றைய சர்வேயரின் பிழையாக ஏன் இருக்கக்கூடாது? நம்பர்கூடப் பிற்பாடு யாராவது எழுதியிருக்கலாம். வீடுகளுக்கு நடுவே சந்து இருந்திருக்கும். இவர் உள்ளே நுழைந்து கூரை போட்டுவிட்டார்.”

 தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோம் என்று சுலோசனாவுக்குத் தோன்றியது. அப்போது நிமாய் எழுந்து ரவிக்கைச் சீட்டை ஹால்தாரின் மேஜைமேல் வைத்தார்.

“ஐயா, இது எங்க வீட்டு அளவு. பழைய தாளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. தீதிகிட்ட சீட்டைக் குடுத்த அன்னிக்கும் திரை அவங்க பக்கம்தான் திரும்பியிருந்தது. ரெண்டையும் வச்சுப் பாருங்க.”

சுலோசனாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. லேப்டாப்பில் பழைய தாளின்மேல் மூன்று இடத்தில் அளந்து காட்டினாள். முன்பக்கம் எண்பத்துநாலு. நடுவில் எழுபத்தெட்டு, ஒரு அங்குலம் முன்னே பின்னே. பின்பக்கம் எண்பத்தாறு. பிழையால் விழுகிற பட்டைக்கு இடுப்பு கிடையாது என்றாள். அது ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் கூராகத் தேய்ந்துபோகும். இடையில் ஒடுங்கி மறுபடி விரிந்து, அதுவும் உண்மையான சுவரோடு அங்குலம் பிசகாமல் விரிந்தால், சர்வேயர் உள்ளே நின்று சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

“சீட்டில் எழுதியதை யார் பார்த்தார்கள்?” என்றார் வக்கீல்.

“பார்த்தால் போயிற்று,” என்று ஹால்தார் எழுந்தார். நாற்காலியும் அவரோடு கொஞ்ச தூரம் எழுந்து, பிறகு விடுபட்டது. “ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன்.”

எல்லோரும் ஒரு அம்பாஸடரில் ஏறினார்கள். நிமாயும் சுலோசனாவும் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்கள். வழியெல்லாம் மூங்கிலைக் கட்டிப் பந்தல் போட்டுக்கொண்டிருந்ததால் வண்டி நின்று நின்று போயிற்று. 

“என்னை மன்னிச்சிடுங்க, நிமாய்தா. திங்கட்கிழமையே சொல்லியிருக்கணும்,” என்றாள் சுலோசனா, அவரை அண்ணாவாக்கி.

நிமாய் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். “ஒரு தடவை கல்யாணப் பட்டு ஒண்ணைத் தப்பா வெட்டிட்டேன், தீதி. வாயை மூடிக்கிட்டு உள்பக்கமா ஒட்டுத் தச்சுக் குடுத்துட்டேன். இன்னிவரைக்கும் அந்த வீட்டு வழியாப் போறதில்ல, சுத்திக்கிட்டுப் போறேன்.” பிறகு சொன்னார், “உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. நேராவே வரலாம்.”

ஹரிநாத் குண்டு லேனில் இரண்டு பழைய மாளிகைகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கதவு. அவ்வளவுதான் வீடு, வெளியிலிருந்து பார்த்தால். நிமாய் முன்னால் போனார், அடுத்து வக்கீல், அடுத்து ஹால்தார், கடைசியில் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சுலோசனா. தையல் மெஷின், துணி மூட்டை, சுவரோரம் மடித்த கட்டில், காளி படம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஓரத்தில் ஓராள் வழி மட்டும் விட்டு, ரயில்பெட்டி மாதிரி. இடுப்பு வந்ததும் ஹால்தார் நின்றார். நேராகப் போகப் பார்த்தார். முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பினார். அப்படியும் துணி வெட்டும் மேஜை இடைஞ்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பின்பக்கத்துச் சமையல் மூலையிலிருந்து ஒரு தட்டில் ஐந்து கப் டீயோடு மாலோதி எதிரே வந்துவிட்டாள்.

ஒருவரும் நகர முடியவில்லை.

“யார் பின்னால் போவது இங்கே வழக்கம்?” என்று ஹால்தார் கேட்டார்.

“கையில சாமான் இல்லாதவங்க,” என்றாள் மாலோதி.

ஆகவே நிமாயும் வக்கீலும் ஹால்தாரும் சுலோசனாவும் பின்புறமாகவே நடந்து தையல் மெஷின்வரை வந்தார்கள். டீ குடித்த பிறகு நிமாய் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, வக்கீலே மறு முனையைப் பிடித்து, டேப் எட்டாத மிச்சத்துக்கு இன்னொரு தடவை வைத்து, தன் கண்ணாலேயே பார்த்து எண்ணைப் படித்தார். எண்பத்துநாலு. எழுபத்தெட்டு. எண்பத்தாறு. கடைசி எண்ணைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் மனிதர் நாணயமாகத்தான் படித்தார்.

ஹால்தார் மெஷின் பலகைமேல் காகிதத்தை வைத்து எழுதினார். 17/1B தனி மனை. வீடு உள்ளது, அதிகாரி நேரில் புகுந்து, மிகுந்த சிரமத்துடன் உறுதி செய்துகொண்டார். அந்த வார்டு வரைபடம் முழுவதும் திரும்பப் பெறப்படுகிறது. நூற்று நாற்பத்துமூன்று இடங்களையும் நேரில் பார்த்துச் சரிசெய்யும் வரை அதை வைத்து யாரும் எந்த உத்தரவும் போடக்கூடாது. “யார் பார்ப்பது?” என்று தலைநிமிர்ந்தார்.

“நான் பார்க்கறேன்,” என்றாள் சுலோசனா. “ஒண்ணொண்ணா நடந்து போய்.”

வெள்ளிக்கிழமை டெமோவில் பிரிட்டோ எதைக் காட்டுவார் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. லேப்டாப்பை மெஷின்மேல் வைத்துத் திறந்தாள். சார்ஜர், பிரிட்டோ சொன்னபடியே, வேலை செய்யவில்லை. 17-க்கும் 18-க்கும் நடுவிலிருந்த ஒற்றைக் கோட்டை எடுத்தாள். பழைய தாளைப் பார்த்து இரண்டு கோடுகளை வரைந்தாள். நடுவில் ஒடுக்கி, பின்னால் விரித்தாள். எண்ணைத் தட்டினாள். சொந்தக்காரர் பெயரைத் தட்டினாள். திரையில் மஞ்சளாக ஒரு நீள வீடு வந்து நின்றது.

“அவ்வளவுதானா?” என்றார் நிமாய். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலோதி டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். திரைக்கு எதிரே தரையில், வழியை முழுசாக அடைத்துக்கொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தாள். 

“இதுதானா எங்க வீடு?” என்று கேட்டாள். “இருபத்தாறு வருஷமா இருக்கேன். முழுசா இன்னிக்குத்தான் பார்க்கறேன். உள்ள நின்னா முன்னால ஒரு சுவர், பின்னால ஒரு சுவர்தான் தெரியும். தெருவுல நின்னா கதவு மட்டும்தான்.”

விரலைத் திரையில் வைத்து நகர்த்தினாள். இது மெஷின். இது கட்டில். இந்த ஒடுக்கத்தில்தான் கல்யாணமாகி வந்த அன்று மேஜைக்கும் சுவருக்கும் நடுவே அலமாரி மாட்டிக்கொண்டு, கடைசியில் வாசலிலேயே விற்றுவிட்டு வந்தார்கள். இது அடுப்பு. விரல் பின்சுவரில் போய் முட்டியதும் அவள் சிரித்தாள். “நல்லாத்தான் இருக்கு. நீளமா, அழகா இருக்கு.”

 சுலோசனா பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று ஓரத்தில் பார்த்தாள். இருபது நிமிஷம் என்றிருந்தது. ஹால்தார் கடிகாரத்தைப் பார்த்தார். மாலோதி எழுந்திருக்காமல் யாரும் வெளியே போக முடியாது. அவர் துணி மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்துகொண்டு, கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரும்படி வக்கீலுக்குச் சைகை காட்டினார். அவளை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.